விளிம்பில் நின்ற ஊர்

2015 ஜனவரி 26 இரவு 11 மணிக்கு நியூயார்க்கின் சுரங்க ரயில்களை நிறுத்தினார்கள். பனிக்காக அவை நின்றது 110 ஆண்டில் அதுவே முதல்முறை. நகரத்துக்கு 20 முதல் 30 அங்குலம் பனி என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை சொல்லியிருந்தது. புயல் கடந்தபின் சென்ட்ரல் பார்க்கின் கணக்கு 9.8. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று ஊர் ஆறுதல் அடையவில்லை, கொதித்தது. பிலடெல்பியா வட்டார அலுவலகத்தின் தலைவர் கேரி சட்கோவ்ஸ்கி ட்விட்டரில் மன்னிப்பே கேட்டார்.

முன்னறிவிப்பு பொய்த்தது என்று முடித்துவிடலாம். ஆனால் கிழக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டரில் இருக்கும் ஐஸ்லிப்பில் அதே புயல் 24.9 அங்குலம் கொட்டியது. மாசசூசெட்ஸின் உஸ்டரில் 34.5. சொன்ன புயல் சொன்ன நாளில் சொன்ன பலத்தோடு வந்தது. தடம் மட்டும் கொஞ்சம் கிழக்கே விலகியது. அந்த விலகல் உஸ்டருக்குப் பொருட்டில்லை, நியூயார்க்குக்கோ அதுவே எல்லாம். காரணம், நகரம் நின்றது புயலின் மேற்கு விளிம்பில். கனத்த பனிப் பட்டையை அடுத்தே காற்று கீழிறங்கி உலர்ந்துவிடும். அங்கே அளவு படிப்படியாகக் குறையாது, சட்டென்று விழும். போதாததற்கு, ஓர் அங்குல நீர் சுமார் பத்து அங்குலப் பனியாகப் பொங்கும். நீர்க்கணக்கில் செய்த சின்னப் பிழை தெருவில் முழங்கால் அளவு வித்தியாசமாகத் தெரியும்.

ஆகவே அறிவியலின் மேல் எனக்குப் புகார் இல்லை. புகார் அந்த ‘20 முதல் 30’ மேல்தான். பார்வைக்கு அது நிச்சயமின்மையை ஒப்புக்கொள்ளும் வரம்பு. உள்ளே பார்த்தால் ஒரே பந்தயம். ஐரோப்பியக் கணினி வானிலை மாதிரி பெரும்பனி என்றது. அந்த மாதம்தான் புதுப்பித்திருந்த அமெரிக்க ஜி.எஃப்.எஸ் மாதிரி குறைவாகச் சொன்னது. இரண்டாவதற்கு அந்த வரம்பில் இடமே இல்லை. பத்து அங்குலத்துக்கும் வாய்ப்பு உண்டு என்று ஒரு வரி இருந்திருந்தால் ரயிலை நிறுத்துவதா வேண்டாமா என்பதை ஆளுநர் தெரிந்தே முடிவு செய்திருப்பார்.

2017 மார்ச் புயலில் நடந்தது இதைவிட மோசம். கடற்கரை நகரங்களில் பனி குறையக்கூடும் என்று முதல் நாளே கணிப்பாளர்களுக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் எண்ணை இறக்கவில்லை. இறக்கினால் ஆபத்து நீங்கிவிட்டது என்று மக்கள் அசட்டையாகிவிடுவார்களாம். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 7.6 அங்குலம். 2015இல் தவறிய கணிப்பை நான் மன்னிப்பேன். தெரிந்ததை மறைத்த இதை மன்னிக்க மனம் வரவில்லை.

(அளவுகோலும் அத்தனை யோக்கியமில்லை. வெள்ளைப் பலகையில் சேரும் பனியை அளந்து துடைப்பது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது என்பது விதி. அடிக்கடி துடைத்தால் பனி தன் கனத்தில் அமுங்க நேரமின்றிக் கூட்டுத்தொகை வீங்கும். 2016 ஜனவரியில் நியூ ஜெர்சியின் நுவார்க்கில் மணிக்கொருமுறை அளந்த கணக்கு அப்படித்தான் பின்னால் செல்லாமல் போனது.)

நீண்டகாலக் கணிப்பு வேறு சாதி. அக்டோபரில் வரும் குளிர்கால வரைபடம் சராசரியைவிட வெப்பமா குளிரா, ஈரமா வறட்சியா என்று வாய்ப்பை மட்டும் சாய்த்துக் காட்டும். எந்த ஊருக்கும் இத்தனை அங்குலம் என்று சொல்லாது, சொல்லவும் முடியாது. இரண்டு வாரத்துக்கு அப்பால் தனிப் புயலைப் பிடிக்க வழியில்லை. வடிவத்தில் இது புயல் கணிப்பைவிட நேர்மையானது; பயனில் மிகக் குறுகியது. பல ஆண்டுக் கணக்கை வைத்து எரிபொருள் வாங்குகிறவருக்கு உதவும். பனி தள்ளும் மண்வெட்டி வாங்கலாமா என்று கேட்பவருக்கு உதவாது. 2014 அக்டோபர் வரைபடம் நியூ இங்கிலாந்தில் வெப்பமான குளிர்காலத்துக்கே வாய்ப்பு அதிகம் என்றது. அந்தப் பருவம் பாஸ்டனில் விழுந்த பனி 110.6 அங்குலம், அந்நகரம் அதுவரை காணாத அளவு.