சமவுயரக் கோடும் ஓர் உருளைக்கிழங்கும்

நமுனுகுல என்றால் சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். மூடுபனி விலகினால் எங்கள் தோட்டப் பாடசாலையின் எந்த ஜன்னலிலிருந்தும் 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த அந்த மலை தெரியும். ஆனாலும் புவியியலில் சமவுயரக் கோடு வந்ததும் பிள்ளைகள் மனப்பாடத்துக்குப் போய்விடுவார்கள். கோடு நெருங்கினால் செங்குத்துச் சரிவு, விலகினால் மென்சரிவு. வினாத்தாளில் சரியாக எழுதுவார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்பதும் அதுதான் என்று அவர்களுக்குத் தோன்றாது. பல வருடம் அதை அப்படியே விட்டிருந்தேன். ஆசிரியர்களுக்கான கல்வித் தொழில்நுட்பப் பாடநெறி ஒன்றை இணையவழியில் படித்த பிறகுதான் அது மாறியது. அந்த நன்றியோடுதான் அதன் குறைகளையும் எழுதுகிறேன்.

முதல் ஒப்படையிலேயே அது என்னைப் பிடித்துக்கொண்டது. எந்தச் செயலியையும் தேர்ந்தெடுக்கும் முன், பாடத்தில் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றோடொன்று கலந்தால்தான் பயன் என்று புன்யா மிஸ்ராவும் மத்தியூ கோலரும் 2006இல் முன்வைத்த சட்டகமே அதற்கு அடிப்படை. சேவைக்காலப் பயிற்சி எத்தனையோ எடுத்திருக்கிறேன். ஒரே ஒரு தடுக்கலைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்று யாரும் கேட்டதில்லை. தாளில் படுத்திருக்கும் கோடும் எதிரே நிமிர்ந்து நிற்கும் மலையும் பிள்ளையின் மனதில் சேரவில்லை என்று எழுதினேன். எழுதி முடித்தபோது வழியும் பாதி தெரிந்துவிட்டது.

கூகிள் ஏர்த்தில் எங்கள் மலையை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமாக்கிச் சேமித்து, பாடசாலையின் ஒரே புரொஜெக்டரில் காட்டினேன். பசறைக்குப் போகும் பாதை, தேயிலைத் தொழிற்சாலைக் கூரை, தாங்கள் குடியிருக்கும் லயம் என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஒரு பெரிய உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, அதைத் தட்டுத் தட்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் தாளில் வைத்து ஓரத்தை வரைந்தோம். ஒரு சிறுமி நெருக்கமான இரு கோடுகளுக்கு நடுவே தன் லயத்தைக் குறித்தாள். “அதுனாலதான் டீச்சர், கொழுந்துச் சாக்கோட ஏறயில அம்மாவுக்கு மூச்சு வாங்குது” என்றாள்.

இன்னொரு பலனை நான் எதிர்பார்க்கவில்லை: நானே மாணவியாக இருந்தது. இரவு பதினொன்றுக்கு வாசலில் நின்று, சிக்னல் வரும்வரை ஒப்படையை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு முன், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடிய பிறகு வட்ஸ்அப்பில் செயலட்டை அனுப்பினோம். பதில் வராத பிள்ளைகளை அக்கறையில்லாதவர்கள் என்று நினைத்தேன். 2021இல் இதே ஊவா மாகாணத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் பிள்ளைகளும் ஆசிரியரும் சிக்னலுக்காகக் காட்டு வழியே பாறைமேல் ஏறிய செய்தியைப் படித்தும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை. போனது அந்த வாசலில் நின்ற இரவில்தான்.

ஆனால் மதிப்பீடு வந்தபோது வருத்தமாக இருந்தது. புள்ளித் திட்டம் எத்தனை டிஜிட்டல் கருவி பயன்பட்டது என்று எண்ணியது. ஏர்த் படத்துக்கும் காணொளிக்கும் புள்ளி கிடைத்தது. உருளைக்கிழங்குக்கு எந்த நிரலிலும் இடமில்லை. புள்ளி குறைந்தது பெரிதல்ல. தடுக்கலிலிருந்து தொடங்கு என்று கற்பித்த பாடநெறி, தடுக்கல் நீங்கியதா என்று கேட்காமல் முடிந்தது. ஊடகம் பொருளைக் கொண்டுவரும் வண்டி மட்டுமே, கற்றலை உண்டாக்குவது கற்பிக்கும் முறைதான் என்று ரிச்சர்ட் கிளார்க் 1983இலேயே வாதிட்டார். அதை ஏற்கவும் மறுக்கவும் இடமுண்டு. ஆனால் அந்த விவாதமே எங்கள் வாசிப்பில் இல்லை. இருந்த வாசிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். மாலை நேரங்கள் மொழிபெயர்ப்பிலேயே கரைந்தன. வாசித்தால் 10 வீதம், செய்தால் 90 வீதம் நினைவிலிருக்கும் என்ற பிரமிட் படமும் வந்தது. அதற்கு மூலமாகச் சொல்லப்படும், எட்கர் டேல் 1946இல் வரைந்த கூம்பில் எந்த வீதமும் கிடையாது; யாரோ பின்னால் ஒட்டிய எண்களை ஆசிரியர்களுக்கே கற்பிப்பது சின்னத் தவறல்ல.

தோட்டத்தின் வறுமைக்குப் பாடநெறி என்ன செய்யும் என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 2019இல் மிஸ்ராவே தன் சட்டகத்தை விளக்கும் படத்தின் வெளிவட்டத்துக்குச் ‘சூழல் பற்றிய அறிவு’ என்று பெயரிட்டார். எங்கள் பாடநெறி அந்த வட்டத்தை ஒரே ஸ்லைட்டில் கடந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கருவி, தனியாக ஒரு மேசை என்ற எண்ணம்தான் எல்லா மாதிரிப் பாடங்களிலும் இருந்தது. இங்கே வீட்டின் ஒரே போன் கொழும்பில் வேலை செய்யும் அப்பாவின் கையில் இருக்கிறது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் லயத்துக்கு வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதையும் நாடு மறந்திருக்காது. ‘நீங்கள் எங்கே கற்பிக்கிறீர்கள்?’ என்று ஆரம்பத்தில் ஒரு படிவம் கேட்டிருந்தால் போதும், மாதிரிப் பாடங்களில் பாதி வேறு மாதிரி வந்திருக்கும்.

சான்றிதழ் வந்த பிறகு யாரும் வகுப்புக்கு வந்து பார்க்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய குறை. பத்து காணொளிகளைக் குறைத்து, ஒரே ஒரு நாள் ஒருவர் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்திருந்தால் நான் இன்னும் படித்திருப்பேன். இப்போது பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவரும் நானும், ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்காருவது என்று பேசியிருக்கிறோம். முதல் பாடம் அவருடையது. பின்னங்கள். பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்ற ஒரு பக்கத்தை எழுதி அனுப்பிவிட்டார்.