பேரப்பிள்ளை உறவு: சித்திராபதி முதல் தேசவழமை வரை

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றரையில், காத்தான்குடிக்குத் தெற்கே அமைந்த தொன்மை வாய்ந்த ஊர் ஆரையம்பதி. இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பிள்ளையின் முதற்பள்ளி பெரும்பாலும் அம்மம்மாவின் மடியே ஆகும். ஆயினும் கணவனும் மனைவியும் பிரிந்து, பிள்ளை யார் பொறுப்பில் வளர்வது என்னும் வழக்கு மன்றேறிய பின்னர், அப்பிள்ளையைக் காணும் வாயில் பாட்டன் பாட்டியர்க்குத் திறந்திருக்குமா, அடைபடுமா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கியமும் தமிழர் வழமையும் அளிக்கும் விடை யாது என்பது ஆராயத்தக்கது.

இலக்கியத்தில் இதற்கு முதற்கண் நினைவுக்கு வருவது மணிமேகலைக் காப்பியமாகும். மாதவியின் தாய் சித்திராபதி. அவள் பேர்த்தி மணிமேகலை. இந்திர விழாவில் ஆட வருமாறு சித்திராபதி வசந்தமாலையைத் தூது விடுக்கின்றாள். மாதவியோ, மணிமேகலை கண்ணகியின் மகளே எனக் கூறி மறுத்துவிடுகின்றாள். பெற்ற தாய் தன் மகளை வேறொரு தாய்க்கு உரியவளாக்கிய அக்கணத்தே, பாட்டிக்கும் பேர்த்திக்கும் இடையிலிருந்த குருதித் தொடர்பு சொல்லளவில் அறுக்கப்பட்டது. பின்னர்ச் சித்திராபதி சூளுரைத்து, உதயகுமரனைத் தூண்டுகின்றாள். அவன் காஞ்சனன் வாளால் மடிகின்றான். மணிமேகலை அரசியின் காவலில் இருந்தபொழுது, சித்திராபதி இராசமாதேவியின் அடி வீழ்ந்து, அவளைத் தன் மனைக்குத் தருமாறு இரக்கின்றாள். அரசி மறுக்கின்றாள்.

இப்பகுதியைக் கற்போர் பலரும் சித்திராபதியைப் பழித்து அமைவர். அப்பழி தகும், அவள் வேண்டியது பேர்த்தியின் நலனன்று, குலத்தொழிலின் தொடர்ச்சியே. ஆனால் ஒன்று நோக்கத்தக்கது. அவள் கேட்டது பேர்த்தியைத் தன் உடைமையாகப் பெறுதலை, மறுக்கப்பட்டதும் அதுவே. பேர்த்தியைக் காணலும், அவளோடு உரையாடலும் ஆகிய சிறிய வேண்டுகோள் அவள் வாயினின்றும் எழவில்லை. அரசியும் அதனை எண்ணவில்லை. உரிமை வழக்கில் தோற்றவர் உறவையும் இழத்தல் இயல்பே என்னும் எண்ணம் அக்காட்சியின் அடியில் உறைகின்றது. உரிமை வேறு, உறவு வேறு என்னும் பகுப்பு அங்கே தோன்றவில்லை. அதே வேளையில் மணிமேகலை தன் வழியைத் தானே தெரிகின்றாள் என்பதும் மறக்கற்பாலதன்று.

இனி, வழமையை நோக்குவோர்க்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமை நல்ல சான்றாகும். ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இதனைத் தொகுத்தார். முதலியார் பன்னிருவர் அதனை ஆராய்ந்து ஒப்பினர். தாய் இறந்து, தந்தை மறுமணம் செய்ய விரும்பின், பாட்டன் பாட்டியர், சிறப்பாகத் தாய்வழியினர், பிள்ளைகளை ஏற்று வளர்ப்பது வழக்கம் என்று அத்தொகுப்புக் கூறுகின்றது. அந்நிலையில் இறந்த மனைவி கொணர்ந்த சீதனம் முழுவதையும், அம்மணக் காலத்துத் தேடிய தேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளுடன் ஒப்படைத்தல் தந்தையின் கடன். மாற்றாந்தாயின் மனையில் பிள்ளை பிறராதலையும், தாயின் பொருள் வேற்றார் கையிற் சேர்தலையும் இவ்வழமை ஒருங்கே தடுத்தது. இது அதன் சிறப்பு. குறையும் உண்டு. பொருளின் கணக்கைத் துல்லியமாக வகுத்த தொகுப்பு, தந்தை தன் பிள்ளையைக் காண வருதலைப் பற்றியோ, தந்தைவழிப் பாட்டியின் உறவைப் பற்றியோ அவ்விடத்து வாய்திறக்கவில்லை. காணியும் நகையும் பங்கிடற்குரியன. பாசமோ பங்கிடற்கரியது எனத் தொகுத்தோர் கருதினர் போலும்.

தேசவழமை மட்டக்களப்பிற்கு உரியதன்று. இங்கு வழங்கியது தாய்வழி மரபைப் போற்றிய முக்குவர் வழமை. சி. பிரிட்டோ 1876இல் அதனைப் பற்றிய நூலை வெளியிட்டார்; அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அதன் மரபுரிமை முறை வழக்கிழந்தது. எனினும் சட்டம் போக்கியதை வீடு போக்கவில்லை. குடி இன்றும் தாய் வழியே எண்ணப்படுகின்றது. மகளுக்கு வீட்டைச் சீதனமாக ஈந்து, பெற்றோர் அருகிலேயே ஒதுங்கி வாழும் வழக்கமும் நெடுநாளாக நிலவுகின்றது. எனவே மணம் முறிந்தாலும் பிள்ளை பெரும்பாலும் அம்மம்மாவின் வளவிலேயே நிற்கும். வேலியைக் கடந்தால் உறவு. ஆயின் அப்பம்மாவிற்கோ அவ்வேலியே மதிலாகின்றது. மகன் மனைவியின் மனையினின்று வெளியேறும் நாளில், அவன் தாயின் கையினின்றும் பேரப்பிள்ளை நழுவுகின்றது. தாய்வழிக்குக் காப்பளித்த அமைப்பே தந்தைவழிக்கு இழப்பாதல் இவ்வழக்கத்தின் மறுபக்கம். இதனைக் கூறுதல் மரபை இழித்தலாகாது. மரபின் எல்லையை அறிதலேயாம்.

இக்காலச் சட்டமும் இவ்விடர்ப்பாட்டினின்று முற்றும் நீங்கவில்லை. இலங்கையில் கட்டுக்காப்பிற்கு அடிப்படையான உரோமன் டச்சுச் சட்டம் பெற்றோரை, அவருள்ளும் தந்தையை, முதன்மையாகக் கொண்டது. பிற்காலத்து நீதிபதிகள் பிள்ளையின் நலனை மேலாக வைத்தனர். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றதும் 1991இல் இலங்கை உறுதிப்படுத்தியதுமான சிறுவர் உரிமைச் சமவாயம், பிரிந்த பெற்றோர் இருவருடனும் தொடர்பு பேணும் உரிமையைப் பிள்ளைக்கு வெளிப்படையாக அளித்தது. விரிந்த குடும்பத்தைப் பொதுவாகவே சுட்டியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000இல், வாஷிங்டன் மாநிலத்து வழக்கொன்றில், தகுதியுடைய பெற்றோரின் தீர்மானத்திற்குச் சிறப்பு மதிப்பளித்தல் வேண்டும் எனக் கூறி, பாட்டன் பாட்டியரின் கோரிக்கைக்கு எல்லை வகுத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022இல், பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த சிறுவனைத் தந்தைவழிப் பாட்டன் பாட்டியரிடம் ஒப்படைத்தது. வருவாயும் வயதும் மட்டும் அளவுகோல் ஆகா என்பது அதன் கருத்து. பிரெஞ்சுக் குடியியற் சட்டமோ வேறு வழி காட்டுகின்றது. மூதாதையருடன் தொடர்பு பேணும் உரிமை பிள்ளைக்கே உரியது என்றும், பிள்ளையின் நலனொன்றே அதனைத் தடுக்கவல்லது என்றும் அது விதிக்கின்றது.

இவ்விதியின் நுட்பம் ஆழ்ந்து நோக்கற்பாலது. பாட்டி தன் உரிமையென வழக்காடின், அவளும் சித்திராபதி நின்ற இடத்திலேயே நிற்பாள். பிள்ளை மீண்டும் பொருளாகிவிடும். பிள்ளையின் உரிமையெனக் கொள்ளின், பாட்டி வாதியாதல் ஒழிந்து, பிள்ளையின் செல்வமாகின்றாள். தீங்கு விளைக்கும் பாட்டியை விலக்கவும் அவ்வளவுகோலே போதும். தாயின் மேல் கொண்ட சினத்தால் தந்தைவழியையோ, தந்தையின் மேல் கொண்ட சினத்தால் தாய்வழியையோ விலக்குதல் மட்டும் அதற்கு ஒவ்வாது.

2004இன் ஆழிப்பேரலையும், 2009இல் முடிவுற்ற போரும், தாயரின் வெளிநாட்டு உழைப்பும் கிழக்கிலங்கைப் பிள்ளைகள் பலரை முதியோர் கையில் விட்டன. துயர் வந்தபொழுது பிள்ளையை ஏந்திய அக்கைகளை, வழக்கு வந்தபொழுது தட்டிவிடுதல் அறமாகாது. பிள்ளை எவர் மனையில் உறங்கும் என்பதை மன்று தீர்க்கட்டும். தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவிற்கும் மற்றை மனைக்கு அது போய் வருதலையும் அத்தீர்ப்பிலேயே எழுதுவித்தல் கற்றோர் கடனாகும். ஏட்டில் எழுதப்படாத உறவு, சினம் தணியும்வரை காத்திருக்கும். முதுமையோ அவ்வளவு நாள் காத்திராது.