தண்ணீர் புகாத சாக்ஸ்: முன்பு எழுதியதற்கு ஒரு திருத்தம்

இரண்டு வருடத்துக்கு முன் தண்ணீர் புகாத சாக்ஸ் ஒன்றைப் பாராட்டி இங்கே எழுதியிருந்தேன். "மழைக்கால நடைக்கு இதைவிட நல்லது இல்லை" என்று முடித்திருந்தேன். அதை நம்பி அலுவலக நண்பர் ஒருவர் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு ஜோடி வாங்கினார். போன செப்டம்பரில் குடகில் உள்ள தடியண்டமோள் மலைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனார். ஏறும்போதே ஓர் ஓடையில் முழங்கால் வரை கால் இறங்கிவிட்டது. மாலையில் கீழே வந்து ஷூவைக் கழற்றியபோது குதிகால் தோல் சாக்ஸோடு சேர்ந்து உரிந்து வந்தது. பத்து நாள் செருப்போடுதான் ஆபீஸ் வந்தார். என்மேல் கோபப்படவில்லை. "நீங்க எந்தத் தண்ணியில டெஸ்ட் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் டெஸ்ட் பண்ணியது கோவையில், தார் ரோட்டில், ஒன்றரை மணி நேர மழையில். ஓடை இல்லை, சேறு இல்லை, எட்டு மணி நேர நடையும் இல்லை. எங்கள் தொழிலில் இதற்குப் பேர் உண்டு: யூனிட் டெஸ்ட் பாஸ், ப்ரொடக்‌ஷனில் அவுட்.

அதனால் இந்த வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் திரும்பவும் சோதித்தேன். நான்கு வகை: சாதாரணப் பருத்தி சாக்ஸ், மலைப்பாதை ஓட்டத்துக்கான மெல்லிய நைலான்-பாலியஸ்டர் சாக்ஸ், மெரினோ கம்பளி கலந்தது, பழைய தண்ணீர் புகாத ஜோடி. இடது காலில் ஒன்று, வலது காலில் வேறொன்று. மறுநாள் மாற்றிப் போடுவேன். ஒவ்வொரு முறையும் ஒரு வாய்க்காலில் வேண்டுமென்றே கணுக்கால் மூழ்க நின்றுவிட்டு ஓட ஆரம்பிப்பேன். தேயிலை பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள், "ஏன் சார், அந்தப் பக்கம் பாலம் இருக்குல்ல?" என்றார்.

கொப்புளம் எப்படி வருகிறது

சாக்ஸ் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் கொப்புளம் வருகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் மாட்டிய தோலின் உள்ளடுக்குகள் இழுபட்டுக் கிழிகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. அதுதான் கொப்புளம்.

இதில் ஈரத்தின் வேலை என்ன? 1955-இல் நெய்லர் என்ற ஆய்வாளர் உராய்வுக் கொப்புளங்களைப் பற்றி எழுதினார். 1995-இல் நேபிக்கும் அவரது சகாக்களும் இந்தத் துறையின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இவற்றிலிருந்து தெரிவது: நன்றாகக் காய்ந்த தோலிலும் சொட்டச் சொட்ட நனைந்த தோலிலும் உராய்வு குறைவு. நடுவில் உள்ள பிசுபிசுப்பான ஈரத்தில்தான் அதிகம். இதோடு, மணிக்கணக்கில் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி, பலவீனமாகிவிடும்.

தண்ணீர் புகாத சாக்ஸின் சிக்கல் இங்கேதான். அது மூன்று அடுக்கு: வெளியே ஒரு பின்னல், உள்ளே ஒரு பின்னல், நடுவே மெல்லிய படலம். படலம் தண்ணீரைத் தடுத்து, வேர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் என்பது வாக்குறுதி. ஆவி வெளியேற வேண்டுமென்றால் உள்ளே இருப்பதைவிட வெளியே ஈரப்பதம் குறைவாக இருக்க வேண்டும். நனைந்து ஊறிய ஷூவுக்குள் அது எப்படி நடக்கும்? ஓடை வராத நாளிலும் ஒரு மணி நேரத்தில் என் கால் உள்ளே வேர்வையில் பிசுபிசுத்துவிட்டது. மேல்விளிம்பு வழியாகத் தண்ணீர் புகுந்த நாளிலோ கதை முடிந்தது. வெளியே இருந்து புகாத படலம், உள்ளே வந்ததையும் விடவில்லை. கழற்றிக் கவிழ்த்துக் கொட்ட வேண்டியிருந்தது. அறையில் தொங்கவிட்டது காய இரண்டு இரவு ஆனது.

"தண்ணீர் புகாது" என்று அட்டையில் போட்டிருப்பது பொய் என்று சொல்லமாட்டேன். துணி வழியே புகவில்லைதான். ஆனால் அது தப்பான கேள்விக்குச் சரியான பதில். மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் கால் நனையத்தான் போகிறது. சாக்ஸிடம் கேட்க வேண்டியது: நனைந்த பிறகு நீ என்ன செய்வாய்?

மற்ற மூன்றும்

பருத்தி எதிர்பார்த்தபடியே தோற்றது. நனைந்ததும் தொளதொளவென்று ஆகி, விரல்களுக்கு அடியில் சுருண்டு மடிப்பானது. நான்காவது கிலோமீட்டரில் அந்த மடிப்பு இருந்த இடம் சிவந்துவிட்டது.

மெல்லிய நைலான்-பாலியஸ்டர், வாய்க்காலை விட்டு ஏறிப் பத்து நிமிடம் ஓடியதும் பெரும்பாலான தண்ணீரை விட்டுவிட்டது. ஒவ்வொரு அடியும் பிழிகிற அடிதான். ஷூவில் வலைத்துணி இருந்தால் தண்ணீர் அதன் வழியே போய்விடும். குறையும் உண்டு. நின்றால் குளிரும். உள்ளே மணல் புகுந்தால் ஒவ்வொரு பருக்கையும் தெரியும். மெல்லிய பின்னல் வழியாக அட்டையும் கடித்துவிட்டது.

மெரினோ கலவை நனைந்தும் கதகதப்பாக இருந்தது. பின்னல் வடிவம் மாறவில்லை, சுருளவில்லை. ஆனால் தடிமனானது, மெதுவாகத்தான் காய்ந்தது. ஒரு சீசன் முடிவதற்குள் குதிகாலில் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"பருத்தி தண்ணீரை உறிஞ்சும், கம்பளி உறிஞ்சாது" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் கம்பளி தன் உலர் எடையில் சுமார் 16 சதவீதம் வரை ஈரத்தை இழுக்கும். பருத்தி 8, நைலான் 4, பாலியஸ்டர் அரைச் சதவீதம்கூட இல்லை. அதாவது இந்த நான்கில் அதிகம் இழுப்பது கம்பளிதான். அந்த ஈரம் இழைக்குள்ளே போய்விடுவதால் நமக்கு உடனே தெரிவதில்லை. ஆனால் முக்கி எடுத்த சாக்ஸில் இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இழைக்குள் இல்லை, இழைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே பின்னலும் தடிமனும்தான் முடிவு செய்கின்றன. தடித்த பாலியஸ்டர் சாக்ஸும் பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1990-இல் ஹெர்ரிங், ரிச்சி இருவரும் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் அக்ரிலிக், பருத்தி சாக்ஸ்களை ஒப்பிட்டார்கள். அக்ரிலிக்கில் கொப்புளங்கள் குறைவு, அளவிலும் சிறியவை. முதலாவது ஆய்வு இன்றுவரை விளம்பரங்களுக்கு உதவுகிறது. 1993-இல் அவர்களே அடர்த்தியான பின்னலுக்குப் பதில் சாதாரணப் பின்னலில் சோதித்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. இழையை மட்டும் பார்த்து சாக்ஸ் வாங்காதே என்பதுதான் இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது. இந்த இரண்டாவது ஆய்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முன்பு எழுதியபோது நானும் அதைப் படித்திருக்கவில்லை.

அம்மாயி சொன்னது

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களின் கால்கள் அழுகின. அங்கே தண்ணீரை நிறுத்த வழியில்லை. கால்களைத் துடைப்பது, திமிங்கல எண்ணெய் தேய்ப்பது, சாக்ஸை மாற்றுவது, தினமும் கால்களைச் சோதிப்பது ஆகியவற்றைக் கட்டாயமாக்கினார்கள். வியட்நாம் போரில் நெல்வயல்களில் நடந்த அமெரிக்க வீரர்களுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே இது மாதிரி வந்தது. குளிர் இல்லாமலும் ஈரம் மட்டுமே கெடுக்கும்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு படிப்பு தேவைப்பட்டிருக்க வேண்டாம். அம்மாயி நாற்று நடப் போய் வருவார். சேற்றுப்புண் வராமல் இருக்க, வந்ததும் கால் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துணியால் துடைத்து, அடுப்புப் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு, வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவுவார். நான் மழையில் ஆடிவிட்டு வந்தாலும், "மொதல்ல காலைத் தொடைடா" என்பார். பகல் முழுக்க ஈரத்தில் நின்றாலும் தோல் திரும்பக் காய நேரம் கொடுத்தால் போதும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

திருத்தம்

ஆகவே என் பழைய கடைசி வரியை இப்படி மாற்றுகிறேன். இரண்டு மூன்று மணி நேர மழை ஓட்டத்துக்கு மெல்லிய நைலான்-பாலியஸ்டர், காலில் இறுக்கமாகப் பொருந்துவது. நாள் முழுக்க நடை, குளிர் மழை என்றால் மெரினோ கலவை. தண்ணீர் புகாத சாக்ஸ், ஓடை கடக்காத பாதையில், பனி படர்ந்த புல்லில், குளிர்காலக் காலை நடைக்கு மட்டும். எது போட்டாலும் பாலித்தீன் பையில் ஒரு காய்ந்த ஜோடி. மதிய இடைவேளையில் சாக்ஸைக் கழற்றிப் பத்து நிமிடம் காலைக் காற்றில் வைக்கவும். என் நான்கு சாக்ஸ்களிலும் எதுவும் செய்யாத நல்லதை இந்தப் பத்து நிமிடம் செய்தது.

நண்பருக்கு ஒரு மெரினோ ஜோடி வாங்கிக் கொடுத்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்தத் தண்ணி?" என்றார். கோத்தகிரி வாய்க்கால் என்றேன். வாங்கிக்கொண்டார்.