எனீட் பேசிய குற்றம்

ஆர்தர் அரசரின் வீரர்களைப் பற்றிய கதைகளில், காதல்தான் வீரனை உயர்த்துகிறது என்பார்கள். அந்த உயர்வில் பெண்ணின் பங்கு என்ன என்று தேடியபடி ‘எரெக்கும் எனீடும்’ காவியத்தை மறுபடி வாசித்தேன். கிரேத்தியான் தெ த்ருவா என்ற பிரெஞ்சுக் கவிஞர் 1170ஐ ஒட்டி எழுதியது.

எனீட் ஓர் ஏழைப் பிரபுவின் மகள். முழங்கையில் கிழிந்த உடையோடுதான் நமக்கு அறிமுகமாகிறாள். இளவரசன் எரெக் அவளுடைய தந்தையிடம் பெண் கேட்கிறான், அவரும் கொடுத்துவிடுகிறார். அவள் உள்ளூர மகிழ்ந்தாள் என்று கவிஞர் சொல்கிறார். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. அவள் பெயரே திருமணத்தன்றுதான் நமக்குத் தெரியவருகிறது, அதுவும் பெயர் சொல்லாமல் மணமுடிக்க முடியாது என்பதால்.

மணமானபின் எரெக் ஈட்டிப் போட்டிகளுக்குப் போவதில்லை. நண்பகல் வரை மனைவியோடு படுக்கையில் கிடக்கிறான். ஆயுதத்தைக் கைவிட்டவன் என்று தோழர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு வீரனுக்கு இதைவிடப் பெரிய வசை இல்லை. அவர்களில் ஒருவனும் அதை எரெக்கின் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. எனீட் அழுதுகொண்டு சொல்கிறாள். அவனை மயக்கி வைத்திருப்பதாகத் தன்மீதே பழி விழுகிறது என்பதையும் சொல்கிறாள்.

பேசியவர்கள் ஆண்கள், தண்டனை அவளுக்கு. இருப்பதில் நல்ல உடையை அணிந்து முன்னால் குதிரையில் போ, நான் பேசாமல் நீ வாய் திறக்கக்கூடாது என்று உத்தரவிட்டு அவளைக் காட்டுவழியில் இட்டுச் செல்கிறான். மூன்று கொள்ளையர் வருகிறார்கள். சொன்னால் கணவன் தன்னை விடமாட்டான், சொல்லாவிட்டால் கொள்ளையர் அவனை விடமாட்டார்கள். இந்தத் தவிப்பை எனீடின் குரலிலேயே நீளமாகக் கேட்கவைப்பது கிரேத்தியானின் பெரிய பலம். அதை மறுக்க மாட்டேன். அவள் எச்சரிக்கிறாள். அவன் திட்டிவிட்டுப் போரிட்டு வெல்கிறான். அடுத்து ஐந்து பேர். மீண்டும் எச்சரிக்கை, மீண்டும் வசை. வென்ற எட்டுக் குதிரைகளையும் ஓட்டிச் செல்வது அவள் வேலை. அன்றிரவு அவன் அவளுடைய மேலாடையைப் போர்த்திக்கொண்டு தூங்க, விடியும்வரை குதிரைகளைப் பிடித்தபடி நிற்கிறாள். அப்போதும் அவனிடம் பேசிய தன் வாயைத்தான் நொந்துகொள்கிறாள்.

எரெக் இழந்த பெயரை மீட்ட பயணம் என்றே இதைச் சொல்வார்கள். ஆனால் எனீட் கட்டளையை அப்படியே மதித்திருந்தால் எதிரி வருவதை அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தன் கீழ்ப்படியாமையால் அவள் காத்த புகழ் அது. அவள் பெயர் அதில் சேர்வதில்லை.

கடைசியில் ஒரே குதிரையில் அவளை ஏற்றிக்கொண்டு, உன்னை எல்லாவற்றிலும் சோதித்துவிட்டேன், தவறாக ஏதாவது பேசியிருந்தால் மன்னித்தேன் என்கிறான். மாணவியாக முதலில் வாசித்தபோது எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கியது. இப்போது கோபம் வருகிறது. மன்னிக்க அவள் செய்த குற்றம் என்ன? அவன் செய்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரு வரிகூட இல்லை.

முடிவை நெருங்கும்போது ஒரு மாயத் தோட்டம் வருகிறது. அங்கே காதலன் கொடுத்த வாக்கைக் காட்டி அவனைத் தோட்டத்துக்குள்ளேயே பிடித்து வைத்திருந்த பெண்ணை எரெக்கின் வெற்றி கலங்கடிக்கிறது. அவளைத் தேற்றப் போகிறாள் எனீட். பேசும்போது இருவரும் உறவுக்காரர்கள் என்று தெரிகிறது. எரெக் தங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து தொடங்கி எனீட் தன் கதையைச் சொல்கிறாள். இத்தனை பயணத்தில் இன்னொரு பெண்ணிடம் அவள் மனம்விட்டுப் பேசுவது இங்கேதான். எதையும் மறைக்காமல், சொல்லுக்குச் சொல் சொன்னாள் என்கிறார் கவிஞர். ஆனால் ஒரே கதையை இரண்டு முறை சொன்னால் சலிப்பு என்று நமக்குச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்.

அந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டுக் குதிரைகளோடு நின்ற அந்த இரவை அவள் தன் உறவுப்பெண்ணிடம் சொன்னாளா?