துண்டு வசனமும் எழுபது ஆண்டுகளும்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் கையில் கிடைக்கும், வரும் ஆண்டுக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைப் பற்றி யார் குறை சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: வசனத்தை எப்படிக் கொடுத்தாலும் அது வீண்போகாது. இப்போது பிரசங்க பீடத்திலிருந்தே இதைச் சொல்கிறார்கள்; ஏசாயா 55ஐ ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அந்த அதிகாரம் சொல்வது, தேவன் எதற்காகத் தம் வார்த்தையை அனுப்பினாரோ அதை அது செய்து முடிக்கும் என்பது. அட்டையை எடுத்தவர் மனதில் நினைத்தது நடக்கும் என்று அங்கே எதுவும் இல்லை.

இந்த வழக்கத்துக்குக் கண்ணியமான வேர் உண்டு, மறுக்கவில்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொராவியச் சபையார் 1728இல் நாளுக்கொரு வசனம் என்று தொடங்கி, 1731 முதல் அதைப் புத்தகமாக அச்சிட்டு வருகிறார்கள். ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே வசனம்; அது ஒரு நாளுக்கான தியானம். நம்மிடத்தில் ஆளுக்கொரு வசனம், அதுவும் ஆண்டு முழுவதற்கும். வேதாகமத்தை எடுத்து வாசிக்க நேரமோ கண்பார்வையோ இல்லாத ஒரு தாய், அடுப்படிச் சுவரில் ஒட்டிய ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு கடினமான ஆண்டைக் கடந்துவிடுகிறார் என்பதும் உண்மை. அந்தத் தாயின் விசுவாசத்தில் குறை காண எனக்குத் தகுதியில்லை. அவர் கையில் அந்த வரியை வைத்தவர்களிடம்தான் என் கேள்வி.

பலரும் ஆசைப்படும் அட்டை எரேமியா 29:11. தம் ஜனத்தின் வருங்காலத்தைக் குறித்துத் தேவன் நல்லெண்ணம் கொண்டிருக்கிறார் என்று சொல்லும் வசனம் அது. வேலை தேடும் பிள்ளைகள், மகளுக்கு வரன் அமையாத பெற்றோர், நீட் எழுதப்போகும் மாணவர்கள் என எல்லோரும் அதைத் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார்கள். அது யாருக்கு எழுதப்பட்டது? கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் அது வருகிறது. அதற்கு முந்தைய வசனத்தில் எழுபது வருஷம் என்று தெளிவாக இருக்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமல் பாபிலோனிலேயே செத்துப்போவார்கள் என்பதுதான் அதன் பொருள். ஆகவே அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், சிறைபிடித்தவனுடைய ஊருக்காகவும் ஜெபம் பண்ணுங்கள் என்று எரேமியா சொல்கிறார். அட்டையில் அச்சாகும் நம்பிக்கை இந்தச் சொற்களுக்கு நடுவில்தான் முளைத்தது.

முந்தைய அதிகாரத்தையும் படிக்க வேண்டும். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஜனங்கள் முன்பாக எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அறிவித்தான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! கர்த்தர் அவனை அனுப்பவில்லை, அவன் ஜனத்தைப் பொய்யை நம்பச் செய்தான் என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஆண்டிலேயே அனனியா இறந்தான்.

குறுகிய காலக் கெடு வைத்து ஆறுதல் விற்றவனுக்கு எதிராக நின்ற மனிதரின் கடிதத்திலிருந்து ஒரு வரியைக் கத்தரித்து, அதற்குப் பன்னிரண்டு மாதக் கெடு வைத்துக் கொடுக்கிறோம். எரேமியாவின் பெயரைப் போட்டு அனனியாவின் செய்தியைச் சொல்கிறோம். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இதனால் என்ன கேடு என்று கேட்பவர்கள் அடுத்த டிசம்பரில் சாட்சி சொல்லும் நேரத்தைக் கவனிக்கட்டும். வேலை கிடைத்தவர் எழுந்து வருகிறார், வீடு கட்டியவர் வருகிறார், கட்டி கரைந்துபோனதாக ரிப்போர்ட் வந்தவர் வருகிறார். சபை ஸ்தோத்திரம் சொல்கிறது, சொல்லட்டும். ஆனால் அதே சுகமளிக்கும் வசனத்தை எடுத்துவிட்டு மார்ச்சில் கணவரை அடக்கம் செய்த பெண் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை. தன் விசுவாசத்தில்தான் எங்கோ ஓட்டை என்று அவரே முடிவு செய்துகொள்கிறார்; அப்படி நினைக்கச் சொல்லிக்கொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். யோபுவின் சிநேகிதர்கள் செய்ததும் இதுதான். புத்தகத்தின் முடிவில் தேவன் அவர்களைக் கடிந்துகொண்டு, புலம்பி வழக்காடிய யோபுவே தம்மைக் குறித்துச் சரியாகப் பேசினான் என்கிறார். நம் சபைகளில் யோபுவைப்போல ஒருவர் எழுந்து பேசினால் முதல் வாக்கியத்திலேயே பாட்டுக்காரர்கள் பல்லவியைத் தொடங்கிவிடுவார்கள்.

அட்டைகளில் எது அச்சாவதில்லை என்பதையும் பாருங்கள். சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். எதுவரைக்கும் மறந்திருப்பீர் என்று தேவனையே கேட்கும் 13ஆம் சங்கீதம், ஒரு துளி வெளிச்சமும் இன்றி இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதம், இவற்றை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசமும் அவிசுவாசமும் தன்னிடம் சேர்ந்தே இருப்பதைக் கண்ணீரோடு ஒப்புக்கொண்டான் என்று மாற்கு 9 சொல்கிறது. இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். விசுவாச வீரர்களைப் பட்டியலிடும் எபிரெயர் 11, அவர்கள் வாக்குத்தத்தம் நிறைவேறியதைக் காணாமலே மரித்தார்கள் என்று முடிகிறது. சந்தேகத்துக்கும் தோல்விக்கும் வேதாகமம் இத்தனை இடம் கொடுத்திருக்கும்போது, எதற்காக நாம் அதைச் சலித்தெடுத்து இனிப்பை மட்டும் பரிமாறுகிறோம்?

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிக'மாகத் தமிழுக்குக் கொண்டுவந்த ஜான் பனியனின் கதையிலும், 1678இல் வெளிவந்த அந்த மூலத்தில், சந்தேகக் கோட்டையைத் திறக்கும் சாவிக்கு வாக்குத்தத்தம் என்றே பெயர். அட்டைக்கு ஆதரவாக இதைச் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சாவி பயணியின் மடியில்தான் இருந்தது. இருந்தும் அவன் பிடிபட்டான், அடிபட்டான், நிலவறையில் கிடந்தான், சாகலாமா என்றும் யோசித்தான். அவன் உயிரோடு இருந்ததற்குக் காரணம் கூடவே அடைபட்டிருந்த தோழன். துவண்ட ஒருவருக்குச் சபை முதலில் கொடுக்க வேண்டியது அப்படி ஒரு தோழமை. அட்டையை நீட்ட ஒரு நொடி போதும். பின்வரிசைப் பெண்ணின் வீட்டுக்குப் போய் உட்கார ஒரு மாலைப் பொழுது வேண்டும்.

2020 ஜனவரி 1ஆம் தேதியும் அட்டைகள் கொடுக்கப்பட்டன. மார்ச் முடிவதற்குள் கோயில் கதவுகள் அடைக்கப்பட்டன. அதன்பின் எத்தனையோ வீடுகளில் கடைசி ஜெபத்துக்குக்கூட ஆயர் வர முடியவில்லை. பெருந்தொற்று ஓய்ந்ததும், எதுவும் நடக்காததுபோல அதே வகை அட்டைகள் திரும்பி வந்தன. அந்த ஆண்டில் நிறைவேறாமல் போனவற்றைப் பற்றிப் பீடத்திலிருந்து நேர்மையாகப் பேசிய ஒரு பிரசங்கத்தை நான் கேட்கவில்லை.

ஆயர்களையும் போதகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அட்டையை நிறுத்த மனமில்லை என்றால் கொடுங்கள். ஆனால் வரும் டிசம்பர் 31 இரவு, கொடுப்பதற்கு முன் எரேமியா 28, 29 அதிகாரங்களைச் சபையார் முன் முழுவதுமாக வாசியுங்கள். 88ஆம் சங்கீதத்தையும் ஒரு அட்டையில் அச்சிடுங்கள். சாட்சி நேரத்தில், கேட்டது கிடைக்காதவர்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை யாரும் பாட்டைத் தொடங்க வேண்டாம்.