மலைக்கு வேர் தேடும் விளக்கங்கள்

புதுக்கோட்டைக்கு வடக்கே நார்த்தாமலைக் குன்றுகள். தெற்கே, கோட்டையைச் சுமந்து நிற்கும் திருமயம் பாறை. சமவெளியின் நடுவே இவை தனித்து எழுந்து நிற்கின்றன. நம் மீலாது மேடைகளிலும் ஜும்ஆ உரைகளிலும் மலைகளைப் பற்றி நாம் பலமுறை கேட்ட வாதம் ஒன்று உண்டு. திருக்குர்ஆனின் 78ஆம் அத்தியாயம் மலைகளை முளைகளுக்கு ஒப்பிடுகிறது. கூடார முளையின் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்திருப்பது போல மலைகளுக்கும் ஆழ்ந்த வேர் உண்டு. இதை விஞ்ஞானம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கண்டறிந்தது. ஆகவே இது மறையின் அறிவியல் அற்புதம் என்பதே அவ்வாதம். இறைமறை இறைவனின் சொல் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்கு இவ்வாதம் தகுந்த சான்றுதானா என்பதே வினா.

இவ்வகை எழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகைல் 1976இல் வெளியிட்ட நூல் அதற்குப் பெரும் உந்துதல் தந்தது. 1984இல் மக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ராபிதா இதற்கென ஓர் ஆணையத்தையே நிறுவியது. எகிப்தியப் புவியியலாளர் ஸக்லூல் அந்நஜ்ஜார் மலைகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். தமிழிலும் இத்தகைய நூல்கள் பெருகின. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. மார்க்கமும் விஞ்ஞானமும் பகை என்று கேட்டு மருண்டிருந்த கல்லூரி மாணவர் பலருக்கு இவை துணிவு தந்தன. ஆனால் துணிவு தருவது வேறு, மெய்ப்பிப்பது வேறு.

மலைகளுக்கு வேர் உண்டு என்ற கருத்து இந்திய நில அளவையிலிருந்தே பிறந்தது. இமயத்தின் அடிவாரத்தை ஒட்டிய கலியானாவுக்கும் மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும் இடையிலான தொலைவு இருவழிகளில் அளக்கப்பட்டது. முக்கோண அளவை ஒரு விடை தந்தது. விண்மீன்களைக் கொண்டு கணித்த அட்சரேகை வேறொரு விடை தந்தது. வேறுபாடு 5.236 விகலை. கொத்தனாரின் தூக்குக்குண்டு போன்ற கருவியை இமயம் தன்பக்கம் ஈர்ப்பதே காரணம் எனக் கருதி, கல்கத்தாவில் உயர்நிலைப் பாதிரியாராக இருந்த ஜான் ஹென்றி பிராட் அந்த ஈர்ப்பைக் கணக்கிட்டார். ஏறத்தாழ 15.9 விகலை வந்தது. அத்தனை பெரிய மலை, ஈர்க்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கே ஈர்த்திருந்தது!

1855இல் இப்புதிருக்கு விடை சொன்னவர் இங்கிலாந்தின் அரச வானியலர் ஜார்ஜ் ஏரி. நீரில் மிதக்கும் மரக்கட்டையைப் போல, மலையின் எடை குறைந்த பாறை அடியிலுள்ள அடர்ந்த பாறைக்குள் ஆழ இறங்கியிருக்கிறது என்றார் அவர். பிராட்டோ, அதை ஏற்காமல், 1859இல் வேறு விளக்கம் தந்தார். அதன்படி மலைக்கு வேரே தேவையில்லை. உயர்ந்த நிலத்தின் அடியிலுள்ள பாறை அடர்த்தி குறைந்தது என்றாலே போதும். இந்த பிராட்தான் விவிலியமும் விஞ்ஞானமும் முரண்பட்டவை அல்ல என்று நிறுவ 1856இல் ஒரு நூலும் எழுதியவர். எனினும் மலையின் எடையைக் கணக்கிட்டபோது அவர் வேதத்தைச் சாட்சிக்கு அழைக்கவில்லை.

பிற்கால ஆய்வுகள் இருவர் சொன்னதிலும் உண்மை இருப்பதைக் காட்டின. தென்னிந்தியாவில் ஏறத்தாழ 35 முதல் 45 கி.மீ. வரை தடித்த புவியோடு, இமயத்தை அடுத்த திபெத்தின் அடியில் சுமார் 70 கி.மீ. ஆழம் வரை செல்கிறது. அங்கே ஏரியின் வேர் உண்டு. ஆனால் உலகின் மிக நீண்ட மலைத்தொடர் கடலடியில் கிடக்கிறது. சுமார் 65,000 கி.மீ. நீளும் அந்த நடுக்கடல் மலைமுகட்டுக்கு அத்தகைய தடித்த வேர் இல்லை. அடியிலுள்ள வெப்பமான, அடர்த்தி குறைந்த பாறையே அதை உயர்த்தி நிறுத்துகிறது. நார்த்தாமலைக்கும் தனக்கென வேர் கிடையாது. சுற்றியிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து கரைந்துபோக, கரையாமல் எஞ்சிய எச்சம் அது.

மலைகள் நிலநடுக்கத்தைத் தடுக்கின்றன என்னும் துணைவாதமும் நிலைக்காது. 1934இல் பீகாரையும் 2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தையும் குலுக்கிய பேரதிர்வுகள் உலகின் மிக உயர்ந்த மலைத்தொடரின் அடியிலேயே எழுந்தன. 2002ஆம் ஆண்டின் நில அதிர்வு வரைபடத்தில் அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் வைக்கப்பட்ட புதுக்கோட்டையில் இருப்பவையோ சிறு குன்றுகளே. இங்கே பிழைபட்டது வசனம் அன்று. வசனத்தின் மீது நாம் ஏற்றிய விளக்கமே.

நம் முன்னோர் இப்படிச் செய்யவில்லை. மலைகள் பூமியை நிலைநிறுத்துவதைப் பற்றிய வசனத்துக்கு விரிவுரை எழுதும்போது, இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்), பாரம் ஏற்றிய கப்பல் தள்ளாடாது என்னும் புகழ்பெற்ற உவமையை எடுத்துக்கொண்டு, அதன்மீது எழக்கூடிய ஐயங்களைத் தாமே முன்வைத்து ஆராய்கிறார். எல்லாக் கலைகளையும் குர்ஆனுக்குள் தேடும் போக்கைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே இமாம் ஷாதிபி (ரஹ்) மறுத்தார். இப்னு சீனா தம் ‘ஷிஃபா’வில் மலைகள் உருவாக இரு காரணங்கள் சொன்னார். ஒன்று, நிலநடுக்கம் போன்றவற்றால் நிலம் உயர்வது. மற்றொன்று, நீரும் காற்றும் மென்மையான பகுதியை அரித்துச்செல்ல, கடினமானது எஞ்சுவது. நார்த்தாமலையை அவர் கண்டதில்லை. ஆயினும் அதன் கதை அவருடைய இரண்டாம் காரணத்தில் அடங்கிவிடுகிறது. மலையருகே பெரிய கற்களும் தொலைவில் சிறு கற்களும் கடைசியில் மணலுமாகக் கிடப்பதைக் கண்ட அல்பிரூனி, கங்கைச் சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து வண்டலால் நிரம்பியது என்று முடிவுகட்டினார். இவ்விருவரும் பார்த்து, அளந்து, சிந்தித்து இந்த முடிவுகளுக்கு வந்தார்கள்.

வானியலில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசரமானது. பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு 51ஆம் அத்தியாயத்தின் 47ஆம் வசனத்தை ஆதாரமாகக் காட்டாத நூல் இவ்வகையில் அரிது. விரிவு மெய்தான். ஆனால் எவ்வளவு வேகமாக விரிகிறது? தொல்லொளியைக் கொண்டு கணித்தால் ஒரு மெகாபார்செக் தொலைவுக்கு விநாடிக்கு சுமார் 67 கி.மீ.; அண்மை விண்மீன் மண்டலங்களைக் கொண்டு அளந்தால் சுமார் 73. இம்முரண் இன்னும் தீரவில்லை. விரிவின் வேகம் கூடிவருவதை 1998இல் கண்டார்கள். அதற்குக் காரணம் எனப்படும் இருள் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழக்கிறதோ என்ற ஐயத்தை 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘டெசி’ ஆய்வின் முடிவுகள் எழுப்பியுள்ளன. அது உறுதிப்படவுமில்லை, தள்ளப்படவுமில்லை. இதில் எந்தக் கட்சியை நாம் மறையின் பெயரால் ஆதரிப்பது? இன்று ஆதரித்து, நாளை அக்கட்சி தோற்றால், இதையே சான்றாக நம்பி ஈமானை வளர்த்துக்கொண்ட இளைஞனுக்கு என்ன பதில் சொல்வோம்? கருதுகோள் மாறுவது விஞ்ஞானத்துக்கு இழுக்கு அன்று, அதுவே அதன் உயிர். மாறாத மறையை மாறும் கருதுகோளோடு கட்டிவைப்பதே இழுக்கு.

அப்படியானால் மலைகளைப் பற்றிய வசனங்கள் நம்மிடம் கேட்பது என்ன? 88ஆம் அத்தியாயம் ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் பார்க்கும்படி மனிதனை அழைக்கிறது. நாமோ மலையைப் பற்றிப் பேசுகிறோம், மலையைப் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் திருமயம் வட்டத்தில் குன்றுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, ஜல்லியாக லாரியேறிச் செல்வது நம் கண்ணில் பட்டிருக்கும்.

பார்த்த ஒருவர் இருந்தார். முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் ஜகபர் அலி, அப்பகுதியின் சட்டவிரோதக் கல்குவாரிகளைக் குறித்து அதிகாரிகளிடம் தொடர்ந்து புகார் கொடுத்துவந்தவர். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பும் வழியில் லாரி மோதி உயிரிழந்தார். அது கொலை வழக்காகி, பலர் கைதாகி, விசாரணை சிபிசிஐடியிடம் ஒப்படைக்கப்பட்டது.

மலைகளின் வேர் எத்தனை கிலோமீட்டர் என்று மேடையில் முழங்கியவர்கள் நம்மிடையே பலர். மலையை அமானிதமாகக் கருதி மனு எழுதியவர்கள் மிகச் சிலர். மறையின் சொல்லை எந்தப் பக்கத்தார் மெய்யாக வாசித்தார்கள் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இனி ஒரு நூலில் மலைகளின் அற்புதம் பற்றிப் படிக்க நேர்ந்தால், அதை மூடிவைத்துவிட்டு ஒருமுறை நார்த்தாமலைக்குச் சென்று வருவது நல்லது. அத்தாட்சி அங்கே திறந்தவெளியில் நிற்கிறது.