கழித்துக் கட்டியவர்கள்

எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை நான்கே ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த எண்ணூறுக்கும் மேற்பட்ட துறவி மடங்களைக் கலைத்தார். கூரையின் ஈயத்தை உருக்கி எடுத்தார்கள், மணிகளை இறக்கினார்கள், கண்ணாடியைக் கழற்றினார்கள், மிச்சத்தை விற்றார்கள். பெரும்பாலான மடங்களுக்கு நேர்ந்தது ஏறத்தாழ ஒரே கதிதான். ஆனால் பாழடைந்தவை எல்லாம் ஒரே மாதிரி பாழடையவில்லை. சில இடங்களில் கற்குவியலைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டு வந்துவிடலாம். வேறு சில இடங்களில் கூரையே இல்லாத கூடத்துக்குள் நுழைந்ததும் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். யார்க்‌ஷயரில் ரிப்பன் நகரை ஒட்டி, ஸ்கெல் என்ற சிற்றாற்றின் கரையில் நிற்கும் ஃபவுன்டன்ஸ் மடம் இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டைக் காலத்தின் கைவண்ணம் என்று சொல்லிவிடுவது சுலபம். புல்லும் படர்கொடியும் மாலை வெயிலும் அதற்குச் சாட்சிக்கு வந்து நிற்கும். உண்மையான காரணம் அதைக் கட்டியவர்களிடம் இருக்கிறது. எதையெல்லாம் சேர்க்கக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கட்டியவர்கள் அவர்கள். சேர்க்காததை யாராலும் பறித்துக்கொண்டு போக முடியாது.

யார்க் நகரின் செயின்ட் மேரி மடத்து வாழ்க்கை சொகுசாகிவிட்டது என்று பூசலிட்டு வெளியேறிய 13 துறவிகள் 1132இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். சில ஆண்டுகளில் சிஸ்டர்சியன் சபையில் சேர்ந்தார்கள். அந்தச் சபையின் பெருங்குரலான கிளேர்வோவின் பெர்னார்ட், 1125 வாக்கில் எழுதிய ஒரு நூலில், மடங்களின் தாழ்வாரத் தூண்களில் குரங்கும் சிங்கமும் பாதி மனிதப் பாதி மிருக உருவங்களும் எதற்கு என்று சீறியிருந்தார். படிக்க வேண்டிய துறவி சிற்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்பது அவர் கவலை. (சிற்பங்களை அவர் வருணிக்கும் நுணுக்கத்தைப் பார்த்தால், அவரே நெடுநேரம் நின்று பார்த்திருப்பார் என்று தோன்றுகிறது.) யார்க்‌ஷயர்க்காரர்களுக்குச் சபை வழக்கத்தைக் கற்றுக்கொடுக்க அவர் ஷெஃப்ராய் என்ற முதிய துறவியை அனுப்பினார். அந்தப் பாடம் கல்லில் எப்படி இறங்கியது என்பதைத் தேவாலயத்தின் நெடுங்கூடத்தில் காணலாம். இருபுறமும் பருத்த உருளைத் தூண்கள், அவற்றின் மேல் பதினோரு கூர்வளைவுகள், அதற்கு மேல் நேராக ஜன்னல் வரிசை. அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பெரிய ஆங்கிலத் தேவாலயங்களில் வளைவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் நடுவே இன்னொரு மாடவரிசை இருக்கும், இங்கே வெறுஞ்சுவர். போதிகைகளில் இலையோ உருவமோ இல்லை. கண்ணுக்குக் கிடைப்பது தூணின் பருமன், வளைவின் அகலம், சுவரின் உயரம் என்ற மூன்றுக்கும் இடையிலுள்ள பொருத்தம் மட்டுமே. ஒரு சிற்பத்தின் மூக்கை உடைத்தால் சிற்பம் போயிற்று. பொருத்தத்தின் மூக்கை எங்கே உடைப்பது? நான்கு தூண்கள் நின்றாலே ஐந்தாவது எங்கே இருந்திருக்கும் என்று கண் அளந்துவிடும்.

இதை மறுப்பவர் ரெடிங் நகரின் மடத்தைக் காட்டலாம். முதலாம் ஹென்றி 1121இல் நிறுவி, பின்னர் தானே அடக்கமான மடம் அது. நாட்டின் மிகச் செல்வமான மடங்களில் ஒன்று. இன்று அங்கே நிற்பவை சக்கிமுக்கிக்கல்லும் சுண்ணாம்பும் கலந்த மொட்டை மேடுகள். முகப்புக்கல்லை எல்லாம் உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் நடுவே இருந்ததால்தானே அந்தக் கதி, ஃபவுன்டன்ஸ் காட்டுக்குள் இருந்ததால்தானே பிழைத்தது, இதில் கலை எங்கே வந்தது என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. வண்டி வாடகை கட்டாத தூரத்தில் கல் தானாகவே பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தத் தூரமும் தற்செயல் அல்ல. ஊர்களை விட்டு விலகிய இடத்தில்தான் மடம் அமைய வேண்டும் என்பது சபையின் விதி. அலங்காரத்தைக் கழித்த அதே கை அக்கம்பக்கத்தையும் கழித்தது. தவிர, ஃபவுன்டன்ஸ் கொள்ளை போகாத இடமும் அல்ல: மேற்கே கூப்பிடு தூரத்தில் நிற்கும் ஃபவுன்டன்ஸ் மாளிகை, 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் மடத்துக் கற்களையும் எடுத்துக் கட்டியதுதான். அத்தனை கல் போயும் திட்டம் போகவில்லை. தெற்கே முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்துக்குச் செங்குத்தாக உணவுக்கூடம், கீழே கழிவை அடித்துச் செல்ல ஆற்று நீர் என்று, ஐரோப்பா முழுவதும் இந்தச் சபையின் மடங்களுக்கு ஏறத்தாழ ஒரே வரைபடம். பிரான்சின் பர்கண்டியில் ஒன்றைப் பார்த்தவர் யார்க்‌ஷயரில் முழங்கால் உயரச் சுவரைக் கண்டே அடுப்பங்கரை எது என்று சொல்லிவிடலாம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நாம் ரசிக்கும் வெறுங்கல் அவர்கள் கண்ட கல்லே அல்ல. உட்சுவர்களுக்கு வெள்ளை பூசி, அதன்மேல் கல் அடுக்கியதுபோல் கோடு இழுத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தின் உயிரே வெளிச்சத்தை அளந்து உள்ளே விட்டதில்தான் இருந்தது. பர்கண்டியில் கூரையோடு பிழைத்திருக்கும் ஃபோன்டனே மடத்துக்குள் போனால் இது விளங்கும்: நெடுங்கூடத்தில் மேல் ஜன்னல்களே கிடையாது, அரையிருளில் ஒளி பக்கவாட்டிலிருந்தும் இரு கோடிகளிலிருந்தும் மட்டும் வரும். கூரை போன ஃபவுன்டன்ஸில் வானம் மொத்தமாகக் கொட்டுகிறது. அப்படியானால் நாம் ரசிப்பது அவர்களுடைய கலையையா, எட்டாம் ஹென்றியின் கூலிக்காரர்கள் செய்த வேலையையா? ஒளியைப் பொறுத்தவரை இந்த மறுப்பை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது போய்விட்டது, எந்தக் கற்பனையும் அதை முழுதாக மீட்காது. ஆனால் அளவு போகவில்லை. வெள்ளைப் பூச்சு வடிவத்தை மூடவில்லை, துலக்கியது. பூச்சு போனபின் மிஞ்சியதும் அதே வடிவம்தான்.

ஒளிக்கும் ஒரு சிறு மிச்சம் இருக்கிறது, முற்றத்தின் மேற்கு வரிசைக் கட்டடத்தில். 300 அடி நீளமுள்ள அந்தக் கீழ்த்தளம் வளைகூரையோடு அப்படியே நிற்கிறது. அது முழுக்க மூட்டைகளுக்கும் பீப்பாய்களுக்கும் என்று கட்டிய கிடங்கு அல்ல. ஒரு பகுதி, வயலிலும் ஆட்டுக்கிடையிலும் உழைத்த தொண்டுச் சகோதரர்கள் உண்ட கூடம். நடுவே ஒற்றை வரிசையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணிலிருந்தும் கல் விலாக்கள் போதிகை என்ற இடைநிறுத்தமே இல்லாமல் நேராக எழுந்து, பனை மட்டைபோல் விரிந்து, கூரையாகின்றன. எங்கே தூண் முடிந்தது, எங்கே கூரை தொடங்கியது என்று சொல்ல முடியாது. போதிகையை விட்டதற்குச் சிக்கனம் ஒரு காரணமாக இருக்கலாம். விளைவோ, அந்த மடத்திலேயே மிக அழகான கூடம். இறைவனுக்கு எடுத்த கூடத்தைவிட உழைப்பாளிக்கும் கம்பளி மூட்டைக்கும் கட்டிய கூடம் ஒரு படி மேலே நிற்கிறது என்பது என் தீர்ப்பு. இன்று அங்கே வௌவால்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் ரசனை உண்டு போலும்.

இத்தனை சொன்ன பிறகு வடக்கே நிற்கும் கோபுரத்தைப் பார்க்காமல் போக முடியாது. 1495 முதல் 1526 வரை மடாதிபதியாக இருந்த மார்மடியூக் ஹியூபி எழுப்பியது. சபையின் பழைய விதி கற்கோபுரமே கூடாது என்றது. இவரோ 160 அடிக்கு மேல் எழுப்பிவிட்டு, மகிமையெல்லாம் கடவுளுக்கே என்று அதில் லத்தீனில் பொறித்தார். கம்பளி வணிகம் கொழுத்து, எளிமை சடங்காக இளைத்துவிட்ட காலம். இந்த மடத்துப் படங்களில் பெரும்பாலானவை அந்தக் கோபுரத்தைத்தான் காட்டுகின்றன, அதாவது சபை தன் சொல்லை மீறிய இடத்தை. கோபுரம் அழகில்லாதது அல்ல. கல் தச்சு நேர்த்தியானது. ஆனால் அதை எங்கே வைத்தாலும் கோபுரம். அந்த நெடுங்கூடத்தின் பதினோரு வளைவுகளில் ஒன்றைத் தனியே எடுத்து வேறிடத்தில் நட்டால் அது வெறும் வாசல்.

கடைசியாக, தோட்டம். தென்கடல் நிறுவன ஊழலில் பெயர் கெட்டு 1721இல் நாடாளுமன்றத்திலிருந்து விலக்கப்பட்ட ஜான் எய்ஸ்லபி பக்கத்து ஸ்டட்லி எஸ்டேட்டில் நீர்த் தோட்டம் அமைத்தார்; 1767இல் அவர் மகன் வில்லியம் மடத்தையே வாங்கி அந்தத் தோட்டத்துக்கு முடிவுக்காட்சி ஆக்கினார். மேட்டில் ஓர் இடத்தில் திரும்பியதும் பள்ளத்தாக்கின் கோடியில் இடிபாடு திடீரென்று தெரியும். அருகிலிருந்த தலையில்லாத சிலையால் அந்த இடத்துக்கு ஆன் போலின் இருக்கை என்று பெயர். யாரை மணக்க எட்டாம் ஹென்றி ரோமோடு முறித்துக்கொண்டாரோ, அந்த அரசியின் பெயர். அங்கிருந்து பார்ப்பது எய்ஸ்லபிகளின் படைப்பை, துறவிகளின் படைப்பை அல்ல. படம் நன்றாகத்தான் இருக்கிறது. துறவிகளைப் பார்க்க வேண்டுமானால் இறங்கி வந்து, நெடுங்கூடத்தின் பக்கச் சிறகில் சுவரை ஒட்டி நடக்க வேண்டும். கூரை விழுந்த இடத்தில், ஒவ்வொரு தூணுக்கும் நேரே, பழைய குறுக்கு வளைகூரைகள் பற்றியிருந்த கல் தழும்புகள் வரிசையாக, ஒரே இடைவெளியில், கிழக்குவரை போகின்றன.